கணினியும் கருவிப்பாதையும்

“ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மவர் பழமொழி. இக்காலத்து இயந்திரசாலைகளில் அது புதுவடிவம் பெற்று உலாவுகின்றது. வேலை தாமதித்தால் கணினி போதாது என்கின்றனர்; வெட்டுகருவி முறிந்தாலும் கணினியையே நோகின்றனர். கூடம் சில வேளைகளில் உண்மையாகவே கோணலாயிருப்பதும் உண்டு. ஆயினும் எது கூடத்தின் குறை, எது ஆட்டத்தின் குறை என்று பகுத்தறிதலே முதலில் வேண்டப்படுவது.

நம் கல்லூரியை விட்டு நீங்கியபின் ஆங்கில நாட்டிலே உலோகம் வெட்டும் தொழிலிற் பல்லாண்டு கழித்தவர் யாம். அண்மைக் காலத்தில் நம் கல்லூரி இளைஞர் சிலர், சீ.என்.சி. இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் தொழிலைக் கற்க விரும்பி, அதற்கு எவ்வகைக் கணினி வாங்குதல் வேண்டும் என எம்மை வினாவுகின்றனர். அவருள் ஒருவர், தாயாரின் நகையை அடகு வைத்தேனும் விலைமிக்க கணினி ஒன்றை வாங்கத் துணிந்திருப்பதாக எழுதியிருந்தார். அக்கடிதத்தைக் கண்டபின் வாளா இருத்தல் தகாதென எண்ணியே இவ்விழா மலரில் இதனை வரைகின்றோம்.

இத்தொழிலை அறியாத அன்பர் பொருட்டு ஒரு சொல். சுழலும் வெட்டுகருவியை எண்களாலாய கட்டளைகளைக் கொண்டு நடத்துவதே இதன் சாரம். ஹெலிகொப்ரரின் சுழலிதழ்களைச் செய்வதில் ஈடுபட்டிருந்த ஜோன் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கரின் எண்ணத்திலிருந்து இது கிளைத்தது. 1952ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி இயங்கும் மிலிங் இயந்திரத்தை ஊரறியக் காட்டினர். இன்று நாடா மறைந்தது, கட்டளைகள் நிலைத்தன. ஜீ 01 என்றால் நேர்கோட்டிற் செல்லுதல். ஜீ 02 என்றால் வலஞ்சுழியாக வில்வடிவிற் செல்லுதல். கருவி செல்லவேண்டிய வழி முழுவதையும் கருவிப்பாதை என்கின்றோம். தொழிற்சாலையில் ரூல்பாத் என்பர். அதனைக் கணித்துத் தருவதே கணினியின் வேலை.

முதலிற் கணினியைப் பற்றிக் கூறுவோம். கருவிப்பாதைக் கணிதத்திற் பெரும்பகுதி, முன்னைய படியின் விடையை வைத்தே அடுத்த படியைக் காண்பது. ஒரு கிணற்றைப் பதினாறு பேர் சேர்ந்து வெட்டினும், மேல்மண்ணை அள்ளுமுன் அடிமண்ணை அள்ளல் இயலாது. ஆகவே, பல கருக்களைக் கொண்ட புரொசெசர் என்று விலையேற்றி விற்பதைக் காட்டிலும், ஒவ்வொரு கருவும் விரைந்து இயங்குவதையே நாடுக. நினைவகம் 32 கிகாபைற்று இருப்பின் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். சுழலும் வட்டைத் தவிர்த்து எஸ்.எஸ்.டி. கொள்க. தனி நினைவகமுள்ள கிராபிக்ஸ் அட்டை ஒன்று வேண்டும். அது விளையாட்டுக்கென விற்கப்படும் உச்சவிலை அட்டையாயிருத்தல் வேண்டா. மென்பொருள் செய்வோர் தாம் சோதித்து ஏற்ற அட்டைகளின் பட்டியலை வெளியிடுவதுண்டு. வாங்குமுன் அதனைப் பார்த்தல் நலம். மிஞ்சும் பணத்திற்கு இரண்டாவது திரை ஒன்றும், யூ.பி.எஸ். ஒன்றும் வாங்குக. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை நாட்டிலிருந்த மாணவர் மறந்திரார்.

இவ்வளவே கணினி. இனிச் சொல்லப்போவது பணங்கொடுத்து வாங்க இயலாதது.

வளைந்த மேற்பரப்பை வெட்டும்போது கணினி வளைவைச் சிறுசிறு நேர்கோடுகளாக்குகின்றது. அக்கோடுகள் உண்மை வளைவினின்றும் எவ்வளவு விலகலாம் என்பதை நிரலாளரே விதிக்கின்றார். 50 மில்லிமீற்றர் ஆரையுள்ள வளைவுக்கு 0.01 மில்லிமீற்றர் விலகலை அனுமதித்தால், ஒவ்வொரு கோடும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளமுடையதாகும். நுட்பம் மிகட்டும் என்று 0.001 என விதித்தால், கோடு 0.63 மில்லிமீற்றராகக் குறுகும். கோடுகளின் தொகை மும்மடங்குக்கு மேலாகும். கணினி திணறுவது இதனாலேயே. பின்னர் தேய்த்தெடுப்பதற்கென அரை மில்லிமீற்றர் மிச்சம் விட்டு வெட்டும் முரட்டு வெட்டுக்கு இத்துணை நுட்பம் எதற்கு? அதனைத் தளர்த்தினால் பழைய கணினியும் விரைந்தோடும்.

இதன் தீங்கு கணினியோடு நில்லாது. ஆர்.எஸ். 232 என்னும் கம்பிவழி, செக்கனுக்கு 9600 பிற்று வேகத்திற் கட்டளைகளைப் பெறும் பழைய இயந்திரங்கள் பல இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவ்வழியிற் செக்கனுக்கு 960 எழுத்துக்களே செல்லும். ஒரு வரிக்கு 25 எழுத்து எனக் கொண்டால் 38 வரிகள். நிமிடத்துக்கு 3000 மில்லிமீற்றர் வேகத்திற் செல்லும் கருவிக்கு, 0.63 மில்லிமீற்றர் கோடுகளாயின், செக்கனுக்கு 79 வரிகள் வேண்டும். வரி வந்து சேராமையால் இயந்திரம் நின்று நின்று செல்லும். நின்ற இடந்தோறும் மேற்பரப்பில் வடு விழும். நுட்பத்தை நாடி வடுவைப் பெற்ற கதை இது. உலகின் விலையுயர்ந்த கணினியும் அக்கம்பியை அகலமாக்காது. 0.01 என விதித்திருப்பின் 25 வரிகளே போதியனவாயிருக்கும்.

மூலையைப் பற்றியும் கூறல் வேண்டும். யாம் முன்னர் வேலைசெய்த இயந்திரசாலை ஒன்றில், அலுமினியக் குழிகளை வெட்டும் பெருவேலை ஒன்று வந்தது. 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள கருவி நாடோறும் முறிந்தது. முதலாளி புதிய கணினியை வாங்கினார். நிரல் விரைவில் ஆயத்தமாயிற்று. கருவியும் விரைவில் முறிந்தது. வேலை கைநழுவுமாயின் இருவரை நிறுத்த நேரிடும் என்ற பேச்சும் எழுந்தது. அங்கிருந்த முதிய ஆங்கிலத் தொழிலாளர் ஒருவர், கணினியைத் தொட்டறியாதவர், இயந்திரத்தின் அருகே எம்மை அழைத்து ஓசையைக் கேட்கச் செய்தார். நேர்வழியில் ஒரே சுருதியாய் ஒலித்த கருவி, மூலைதோறும் கதறியது.

காரணம் எளிது. விட்டத்திற் பாதியளவு, அதாவது 6 மில்லிமீற்றர், பக்கவாட்டில் வெட்டிச்செல்லும் கருவியின் சுற்றளவில் 90 பாகை உலோகத்தோடு பொருந்தியிருக்கும். செங்கோண மூலையை அடைந்ததும் அது 180 பாகையாகும். சுமை ஒரு நொடியில் இரட்டிக்கும். கலப்பை பிடிப்பவர் வயல் மூலையில் மாட்டை வெடுக்கெனத் திருப்புவதில்லை. வட்டமாக வளைத்தே திருப்புவர். கருவியையும் அவ்வாறே நடத்துதல் வேண்டும். பொருந்தும் பாகையை எங்கும் ஒரேயளவாக வைத்து, மூலைகளைச் சிறு வளையங்களாகச் சீவிச்செல்லும் பாதைகளை இக்கால மென்பொருள்கள் பல தருகின்றன.

அவ்வாறே செய்தோம். முன்னர் 6 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் ஆழமுமாய் வெட்டியதை, 1.2 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் ஆழமுமாக்கினோம். வெட்டுமுகம் 18 சதுர மில்லிமீற்றரிலிருந்து 28.8 ஆக உயர்ந்தது. பொருந்தும் பாகையோ 37 ஆகக் குறைந்தது. இவ்வாறு ஒடுங்க வெட்டும்போது சீவல் மெலியும். பத்திலொரு பங்கு அகலத்தில் அதன் தடிப்பு ஐந்தில் மூன்று பங்காகும். ஆதலால் முன்செல்லும் வேகத்தை ஒன்றரை மடங்குக்கு மேலும் கூட்ட இடமுண்டு. கூட்டாவிடில் கருவி சீவாமல் உரசிச் சூடேறும். சீவுளியை மட்டுமீறி மெல்லியதாய்ப் பிடித்தால் பலகையிற் சறுக்குவதைத் தச்சர் அறிவர். 6 மில்லிமீற்றர் ஆரையுள்ள மூலைக்கு 12 மில்லிமீற்றர் கருவி சரியாகப் பொருந்தும் என்று மகிழ்தலும் தவறு. அது திரும்ப இடமின்றி அங்கே நின்று சுழலும். 10 மில்லிமீற்றர் கருவியைக் கொண்டு மூலையை முடித்தோம். வேலை நிலைத்தது, நிறுத்தப்படவிருந்த இருவரும் நிலைத்தனர். புதிய கணினியின் உறுப்பு எதுவும் இதற்குத் துணைசெய்யவில்லை. பழைய கணினியும் இப்பாதையைக் கணித்திருக்கும்.

ஆகவே, நகையை அடகு வைக்க எண்ணிய தம்பிக்கும் அவர்போன்ற ஏனையோர்க்கும் யாம் கூறுவது இது. நடுத்தர விலையில், மேற்சொன்ன இலக்கணமுள்ள கணினி ஒன்றைக் கொள்க. பிறர் பாவித்து விட்டதாயினும் குற்றமில்லை. நகை தாயாரிடமே இருக்கட்டும். எஞ்சும் காலத்தை ஓர் இயந்திரத்தின் அருகே நின்று கழிக்க வழிதேடுக. சீவலின் நிறத்தையும் வடிவையும் பார்க்க. கருவியின் ஓசையைக் கேட்க. எழுதிய நிரலை முதன்முறை ஓட்டும்போது வேகத்தைத் தாழ்த்தி, நிறுத்தும் பொத்தானருகே கையை வைத்திருக்க. திரையில் எல்லாப் பாதையும் அழகாகவே தோன்றும். பிடிக்கும் இடுக்கியைத் திரையில் வரைய மறந்தோர்க்கு இயந்திரமே அதனை நினைவூட்டும்.

கேத்திரகணித வகுப்பிலே வில்லையும் நாணையும் வரைந்த காலத்தில், அவற்றால் ஒருநாள் சோறுண்போம் என யாம் எண்ணியதில்லை. இன்று அவ்வாங்குகளில் அமர்ந்திருக்கும் மாணவர் அப்பாடத்தை அலட்சியஞ் செய்யாதிருப்பாராக. இத்தொழிலுக்கு வேண்டிய முதற்கருவியை நம் கல்லூரி அவர்க்கு விலையின்றியே அளித்துக்கொண்டிருக்கின்றது.