“டி டிரைவை மறந்துட்டீங்களே மாப்ள!” - பழைய கம்ப்யூட்டர் வீட்டை விட்டுக் கிளம்பிய கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அந்த வீட்டில், சில மாதங்களாக தினமும் காலையில் 2012 ஜனவரி 1 பிறந்துகொண்டிருந்தது.

டீச்சரம்மா காபி குடித்துவிட்டு கம்ப்யூட்டர் ஸ்விட்சைப் போடுவார். ஃபேன் ஒரு மூச்சு இரைந்து அடங்கும். திரையின் ஓரத்தில் தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டும். அவர் சலித்துக்கொள்ளாமல் அன்றைய தேதியை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவார். மாற்ற மறந்த நாளில் ஒரு இணையதளமும் திறக்காது. ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

அதில் மர்மம் ஒன்றும் இல்லை. மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். கரன்ட் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் அதுதான் காப்பாற்றும். அது தீர்ந்துபோனால், கம்ப்யூட்டர் தன் பழைய தேதிக்குப் போய்விடும். ஒவ்வொரு இணையதளத்துக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. அதற்குக் காலவரம்பும் உண்டு. 2012-ல் நின்றுகொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு, 2025-ல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! ஐம்பது, நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆனால், “நாளைக்கு மாத்திக்கலாம்” என்று டீச்சரம்மாதான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருபத்தாறு வருடங்கள் சொல்லிக்கொடுத்தவர் அவர். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் லோயர், ஹையர் பரீட்சை வந்தால் வீட்டில் சமையலே தாளக்கதியில்தான் நடக்கும் என்று மகள் இப்போதும் கேலி செய்வார். கணவருக்கு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை. தொலைதூரக் கல்வியில் பாடப் புத்தகங்களைக் கட்டி அனுப்பும் பிரிவு. கடலூரில் பஸ் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி தினமும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் போய் வந்தவர்.

2011 டிசம்பர் 30-ம் தேதி ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அதிலிருந்து ஊர் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்த பிறகு வாங்கிய கம்ப்யூட்டர் அது. அசெம்பிள் செட். மகள் படிப்புக்காக என்று சொல்லித்தான் வாங்கினார்கள். மகள் படித்து, கல்யாணமாகி சிதம்பரத்துக்குப் போய்விட, கம்ப்யூட்டர் அம்மாவிடம் தங்கிவிட்டது. கடலோர ஊரில் எலெக்ட்ரானிக் சாமான் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று சும்மா இருக்காது. வருடத்துக்கு இரண்டு முறை ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்ட வேண்டும். அந்த வேலையை டீச்சரம்மாவே செய்வார். “தையல் மெஷினுக்கு எண்ணெய் விடற மாதிரிதான்” என்பார்.

கணவர் ஓய்வுபெற்ற பிறகு, 2016-ல் ஒரு மழைநாளில், “நான் சொல்றேன், நீ அடிச்சுக்கிட்டே வர்றியா?” என்று கேட்டார். அப்படித்தான் அது தொடங்கியது. தினமும் மாலை ஒரு மணி நேரம். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்வார். இவர் டைப் செய்வார். அப்பா மாட்டுவண்டியில் முந்திரி ஏற்றிய கதை, முதல் மாதச் சம்பளத்தில் கணக்கு இடித்த கதை, சுனாமிக்கு மறுநாள் தேவனாம்பட்டினத்தில் பார்த்தது, தானே புயலில் சாய்ந்த பண்ருட்டிப் பலா மரங்கள் என்று மூன்று வருடங்களில் நூற்று நாற்பது பக்கங்கள். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் சேமித்தார். ஃபோல்டருக்குக் கணவர் பெயரை வைக்கவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரை டைப்பும் செய்வதில்லை போல. ‘அவங்க’ என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து வைத்திருந்தார்.

2021-ல் அவர் தவறிவிட்டார்.

கம்ப்யூட்டரை மாற்றும் பேச்சு போன அக்டோபரில் ஆரம்பித்தது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு முடிந்தது. அன்றோடு கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஓடும். புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர ஆள் இல்லை, அவ்வளவுதான். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும் என்றும் அறிவித்திருந்தார்கள். ஆனால், பென்ஷன் வரும் பேங்க் கணக்கை அதே கம்ப்யூட்டரில்தான் அம்மா பார்க்கிறார் என்பது மகளுக்கு உறுத்தலாக இருந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். இதில் இருந்தது இரண்டாம் தலைமுறை.

“எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் ஏத்திட்டா இன்னும் நாலு வருஷம் ஓட்டலாம் அத்தை” என்றார் மருமகன். நியாயமான யோசனைதான். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஆனால், மானிட்டரில் ஏற்கெனவே ஒரு கோடு விழுந்திருந்தது. யு.பி.எஸ். பேட்டரி செத்து, கரன்ட் போனால் ‘பீப்’ என்று ஒரு தடவை கத்திவிட்டு அதுவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கணக்கு எங்கே நிற்கும்? டேப்லெட், குரோம்புக் எல்லாம் பேச்சில் வந்தன. “எனக்கு கீபோர்டு வேணும். என் ஃபான்ட்டைப் போட்டுக்கணும்” என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார்.

மார்கழித் தேருக்கு முந்தைய வாரம், கூட்டம் சேர்வதற்குள் சிதம்பரம் மேலவீதிப் பக்கம் போய் லேப்டாப் வாங்கினார்கள். 15.6 அங்குலத் திரை, 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. நாற்பத்தோராயிரம் ரூபாய். விலை குறைவாக இன்னொன்று இருந்தது. விசாரித்தால் அதில் விண்டோஸ் கிடையாது, டாஸ் என்றார்கள். அதை வாங்கினால் விண்டோஸுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். பேங்க், ரயில் டிக்கெட், கரன்ட் பில், பேத்தியோடு வீடியோ கால், டைப்பிங். இவ்வளவுக்கு 8 ஜி.பி.யே தாராளம். கேமிங் லேப்டாப்பை எடுத்துக் காட்டிய பையனிடம், “இதுல அடுப்பும் எரியுமாப்பா?” என்று கேட்டாராம் டீச்சரம்மா.

மருமகன் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே மஞ்சக்குப்பம் வந்து, எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி செய்திருந்தார். போட்டோக்கள், டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப்பில் கிடந்தது எல்லாம். அறுபது ஜி.பி. வந்தது. பழைய செட்டை கடலூரில் ஒரு கடைக்காரர் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார். “காயலான் கடையில போட்டா ஒயரைக் கொளுத்திடுவாங்க. இவர் கழட்டி உபயோகப்படுத்துவார்” என்று அதிலும் ஒரு நல்ல எண்ணம்.

அன்று இரவு சிதம்பரம் வீட்டில் புது லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பேத்தியின் மொட்டையடித்த போட்டோ வந்தது. இட்லிப்பொடி அளவு எழுதிய ஃபைல் வந்தது. டீச்சரம்மா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“அவங்க ஃபோல்டர் எங்க?”

“எவங்க அத்தை?”

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. மகளுக்குத்தான் முதலில் உறைத்தது. அவர் கணவரைப் பார்த்தார். காப்பி செய்தது எல்லாம் சி டிரைவில் இருந்தவை.

“டி டிரைவை மறந்துட்டீங்களே மாப்ள” என்றார் டீச்சரம்மா. கோபமாகக்கூட இல்லை. அதுதான் மருமகனுக்குத் தாங்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறுதான் இது. ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில்தான் எல்லாம் இருக்கும் என்று இன்றைய ஆட்கள் நினைக்கிறார்கள். விண்டோஸ் கெட்டுப்போனாலும் ஃபைல் தப்பிக்கட்டும் என்று டி டிரைவில் வைத்துப் பழகியவர்கள் அன்றைய ஆட்கள். அம்மா செய்ததுதான் சரியான பாதுகாப்பு. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கடைக்காரருக்கு போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தார்கள், மாமியாரும் மருமகனும். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது, “அத்தை, ஃபார்மட் பண்ணியிருந்தாலும் சில சமயம் மீட்டுடலாம்” என்று ஆரம்பித்தார் மருமகன். உண்மைதான். குவிக் ஃபார்மட் செய்ததும் தகவல்கள் உடனே அழிவதில்லை; அதன்மேல் புதிதாக எழுதினால்தான் போகும். டீச்சரம்மா பதில் சொல்லவில்லை. மடியில் இருந்த மஞ்சள்பையின் மேல் அவர் விரல்கள் எதையோ அடித்துக்கொண்டே வந்தன.

கடை திறக்க ஒன்பதரை ஆனது. ஷட்டரைத் தூக்கிய கடைக்காரர், வாசலில் நிற்பவரைப் பார்த்து, “டீச்சர், நீங்களா? எங்கக்கா உங்ககிட்டதான் ஹையர் முடிச்சாங்க!” என்றார். முந்தைய நாள் செட்டை எடுத்துப்போக வந்தது கடைப் பையன். இவருக்கு யார் வீட்டுச் சாமான் என்றே தெரியாது.

கேபினெட் மூலையில், அவர்கள் சுற்றிக் கொடுத்த பழைய பெட்ஷீட்டோடு அப்படியே இருந்தது. “இன்னிக்குத்தான் கிளீன் பண்ணி ஒரு ஸ்கூலுக்குக் கொடுக்கறதா இருந்தேன்” என்றார் அவர். நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி ஹார்டு டிஸ்க்கை எடுத்து, ஒரு கேபிளில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் காட்டினார். ‘அவங்க’ இருந்தது. நூற்று நாற்பது பக்கங்களும் சேர்ந்து இரண்டு எம்.பி.கூட இல்லை. டிஸ்க்குக்கு எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டதற்கு, “ஒண்ணும் வேணாம் டீச்சர், டிஸ்க்கோட யாரும் கொடுக்கக் கூடாதுன்னு நானே போர்டு மாட்டணும்” என்றார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தபோது இன்னொரு அதிர்ச்சி. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச்.

இந்த முறை டீச்சரம்மா பதறவில்லை. “பாமினி இல்ல, அதான்” என்றார்.

பழைய ஃபைல் வைத்திருக்கும் பலர் இந்தக் கட்டத்தில்தான் எல்லாம் கெட்டுப்போய்விட்டதாக நினைத்து அழித்துவிடுகிறார்கள். யூனிகோட் பரவுவதற்கு முன்பு வந்த பாமினி போன்ற எழுத்துருக்களில், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் முகமூடி. முகமூடி இல்லாத கம்ப்யூட்டரில் உள்முகம் தெரியும். ஃபான்ட்டைப் போட்டால் தமிழ் திரும்பிவிடும். பாமினியின் விசை அமைப்பு பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை ஒட்டியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர்.முத்தையா உருவாக்கிய தட்டச்சு மரபில் பழகிய விரல்களுக்கு அது கஷ்டமே இல்லை. ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘க’. 1999-ல் வந்த தமிழ்99 சுலபமானது என்று ஊரே சொன்னாலும், இருபத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்ததை விரல் மறக்குமா? லேப்டாப்பில் என்.எச்.எம். ரைட்டர் போட்டு, பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், யூனிகோடிலேயே பழைய வேகம் வந்துவிட்டது.

தட்டையான லேப்டாப் விசைகள் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடையில் கேட்டு வாங்கி வந்திருந்த தன் பழைய யு.எஸ்.பி. கீபோர்டை அதில் செருகிக்கொண்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டார்.

ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இனி எந்த போனிலும் படிக்கலாம் என்று மருமகன் ஒரே மாலையில் கன்வெர்ட்டரில் போட்டு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். மூன்று இடங்களில் நகல் வைத்தார், டிஸ்க்கில், பென்டிரைவில், மகளின் கூகுள் டிரைவில். பாவம், பரிகாரம்போல. ஆனால், பாமினியில் ‘இ’ எழுத்து இருப்பது ஆங்கிலக் காற்புள்ளி விசையில். எண்களை மட்டும் ஆங்கில ஃபான்ட்டில் அடித்திருந்ததால், மாற்றிய பிறகு முதல் சம்பளம் 1,150 ரூபாய் என்பது ‘1இ150’ ரூபாய் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாத தமிழ்.

“எல்லா ‘இ’யையும் ஒரே அடியா கமாவா மாத்திடட்டுமா அத்தை?”

“மாத்துங்க. அப்புறம் இட்லியும் கமாவுல ஆரம்பிக்கும்” என்றார் டீச்சரம்மா. “விடுங்க மாப்ள. நான் படிச்சே திருத்திக்கறேன்.”

இப்போது மாலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பம் வீட்டில் அந்த வேலைதான் நடக்கிறது. நடுவில் கரன்ட் போனாலும் லேப்டாப் படுத்துக்கொள்வதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கங்களுக்கு மேல் திருத்துவதில்லை என்று வைத்திருக்கிறார். போன வாரம் அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருந்தார். தேவனாம்பட்டினம் வருகிற பக்கம். தேதிக்குப் பக்கத்தில் ஓர் ‘இ’ நின்றுகொண்டிருந்தது. அதை அழித்து, காற்புள்ளி போட்டுவிட்டு, ஊஞ்சல் பக்கம் திரும்பாமலேயே அடுத்த வரிக்குப் போனார்.