மொய் நோட்டு

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் சமாசாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயந்தான். என் மகள் கல்யாணத்தால் வந்த வினை இது.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி 2011-இல் அலுவலகம் திறந்தது. அந்தத் தொழில் இப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. என் அக்காள் மகனுக்கும் அதுதான் பிழைப்பு, வேறோர் இடத்தில். அழைப்புப் பட்டியலில் ஆயிரம் பெயர். 2002-இல் நடந்த என் கல்யாணத்து மொய் நோட்டிலும் ஏறக்குறைய அவ்வளவே. இன்னார் அன்று என்ன செய்தார் என்று பார்க்கவேண்டும். இரண்டையும் பெட்டிக்குள் ஏற்றி வைத்திருந்தான் பையன். வெளியே ஆனிச் சாரல்.

“ஜாவாஸ்கிரிப்ட்ல வரிசையைச் சுத்தி வரப் பல வழி இருக்கு மாமா. ‘ஃபார்’னா விரல் வச்சு எண்ணிக்கிட்டே போறது. 2015-ல வந்த ‘ஃபார் ஆஃப்’, எண்ணாமலே ஒவ்வொண்ணா எடுத்துத் தரும். ‘ஃபார்ஈச்’ இருக்கே, அதுல பேரு கிடைச்சாச்சுன்னு நடுவுல வெளியே வர முடியாது.”

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. தேடிய பெயர் மூன்றாம் பக்கத்திலேயே அகப்பட்டாலும், கடைசிப் பக்கம்வரை வாசித்துத்தான் நோட்டை மூடுவாள்.

“எதுல வேகம் அதிகம்?”

“பழைய ‘ஃபார்’ பல நேரம் கொஞ்சம் முந்தும். ஆயிரம் பேருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. சுத்துக்குள்ள சுத்து வைக்கோம் பாருங்க, செலவு அங்கதான்.”

ஒவ்வொரு பெயருக்கும் நோட்டை முதலிலிருந்து புரட்டினால் 10 லட்சம் தடவைவரை ஒப்பிட நேரும். நோட்டை ஒரே முறை வாசித்துப் பெயர்வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டால், சுமார் 2,000 அடியில் வேலை முடிந்துவிடும். பெயர்கள் பத்து மடங்கானால் முதல் வழி நூறு மடங்கு வீங்கும். இரண்டாவது பத்து மடங்கோடு நிற்கும். கிளைக்கதைக்குள் கிளைக்கதை வைத்து நான் எழுதிய நாவல் ஒன்றை நினைத்துக்கொண்டேன்.

பட்டனைத் தட்டினான். கணக்கு வந்துவிட்டது.

“குத்தாலத்துப் பழக்கடைக்காரர் பேரு வந்துச்சாலே?” என்றாள் அம்மா, நாற்காலியிலிருந்து.

வரவில்லை. எப்படி வரும்? நாங்கள் சுற்றியது அழைப்புப் பட்டியலை. அதில் அவரை எழுத மறந்தவன் நான். அன்று 101 ரூபாயும் ஒரு கூடை மங்குஸ்தானும் கொண்டுவந்தவர் அவர்.

“அதுக்கு நோட்டைச் சுத்தி வரணும் ஆச்சி. இன்னொரு ஆயிரந்தான்” என்றான்.

நாற்பத்து மூன்று பெயர்கள் விழுந்தன. பாதிப் பேர் இன்று இல்லை.

மறுநாள் பத்திரிகையுடன் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். கடையில் மகன் இருந்தான். உள்ளே பெஞ்சியில் கிழவர். “யாரு?” என்றார். என் தகப்பனார் பெயரைச் சொன்னேன். பக்கத்திலிருந்த கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.