எங்கள் தம்பிக்கு எந்த மருந்து?

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது நம் நாட்டுப் பழமொழி. "பேரை அன்று, ஆயிரம் வேரைக் கண்டவனே அரை வைத்தியன் என்பதே சரி" என்று சொல்வோரும் உளர். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு. அப்பா முதல் கட்சி. பாட்டி இரண்டாம் கட்சி. காரணம், எங்கள் ஏழு வயதுத் தம்பி.

தம்பிக்கு ஆட்டிசம் என்று தெரிய வந்தது மூன்று வயதில். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்பே இந்நிலையை உலகம் பரவலாக அறிந்தது. இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. தொற்றுநோயும் அன்று, தாயின் வளர்ப்புக் குறையும் அன்று. இதை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை ஏற்பதில்தான் எங்கள் வீட்டார் பிரிந்து நின்றனர்.

பாட்டி தம்பியை எங்கள் ஊர் நித்ய கல்யாணப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று திருஷ்டி கழிய வேண்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு அத்தை கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினார். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வேண்டுதல் எந்தப் பிள்ளையின் உடம்பையும் நோகச் செய்வதில்லையே! பாட்டி யாரிடமோ சூரணப் பொட்டலம் வாங்கி வந்தபோதுதான் சச்சரவு தொடங்கிற்று. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதப்படவில்லை. "பெயர் தெரியாத மருந்தைப் பிள்ளை வாயில் போடாதீங்கம்மா" என்று அப்பா தடுத்தார்.

அடுத்து, பாலும் கோதுமையும் நிறுத்தினால் பேச்சு வரும் என்றார் பெரியம்மா. தம்பி விரும்பி உண்பதோ இட்லி, பால், தயிர்சாதம் ஆகிய மூன்றுதான். பாலும் தயிரும் நின்றதும் மிஞ்சியது இட்லி ஒன்றே. இரண்டு மாதத்தில் எடை குறைந்தது, பேச்சு வரவில்லை. அம்மா மீண்டும் தயிர் பிசைந்து ஊட்டினார்.

பெரிய புயல் பின்னர் வந்தது. சித்தப்பா ஒரு வண்ணத்தாளைக் கொண்டு வந்தார். ஸ்டெம் செல் எனும் குருத்தணுவை ஊசியால் செலுத்தினால் குணமாகுமாம். செலவு சில லட்சமாம். அம்மாவின் நகையையும் எங்கள் மனையையும் விற்க வேண்டியிருக்கும். தம்பியைத் தோளில் சுமந்து நாள்தோறும் கடற்கரைக்குக் கொண்டு போகிறவர் சித்தப்பாதான். "நாளைக்கு இவன் வளர்ந்து ஏன் செய்யவில்லை என்று கேட்டால் என்ன சொல்வீங்கண்ணா?" என்று அவர் கேட்டபோது அப்பா வாயடைத்துப் போனார்.

நாங்கள், அக்கா தங்கை இருவரும், இதைப் பற்றித் தேடிப் படித்தோம். அங்கீகரித்த ஆராய்ச்சிக்கு வெளியே குருத்தணுவைச் சிகிச்சையாகத் தருவது நெறியன்று என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வழிமுறை வகுத்துள்ளது. ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. வேறு வழிகளில் ஆபத்தும் உண்டு. உடம்பிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொன்ன சிகிச்சையின்போது 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிர் துறந்தான்.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது செக்ரிட்டின் என்ற மருந்தின் கதை. 1998-இல் அதை அற்புத மருந்தென்று பலர் கொண்டாடினர். 1999-இல் வெளியான ஆய்வில் பாதிக் குழந்தைகளுக்கு அம்மருந்தும், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகப் போடப்பட்டன. இரு சாராரிடமும் ஒரே அளவு முன்னேற்றம்தான்! பிள்ளைகள் தாமாகவே வளர்கிறார்கள். நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்கு அது மருந்தின் வேலையாகத் தெரிகிறது. முடிவைச் சொன்ன பின்னும் பெற்றோரில் 100-க்கு 69 பேர் அம்மருந்தில் நாட்டம் காட்டினராம். இதைப் படித்துக் காட்டியதும் சித்தப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த 69 பேரில் நானும் ஒருத்தன்" என்றார்.

அம்மா அந்த நிலையத்தாரிடம் தொலைபேசியில் இரண்டே கேள்வி கேட்டார். ஊசி போடாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? "இடம் நிரம்பப் போகிறது, முன்பணம் கட்டுங்கள்" என்பதே பதில். மனை விற்கப்படவில்லை.

முட்டுக்காட்டில் மத்திய அரசு 2005-இல் தொடங்கிய, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தம்பி அங்கே பயிற்சிக்குப் போகிறான். தாகம் எடுத்தால் முன்பு தலையைச் சுவரில் மோதுவான். இப்போது தண்ணீர்க் குவளைப் படத்தை எடுத்து வந்து அம்மா கையில் வைக்கிறான். பாட்டி அதைப் பெருமாள் அருள் என்கிறார். அப்பா பயிற்சி என்கிறார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை. சித்தப்பாவோ இன்றும் பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்து வருகிறார். ஆனால் அம்மாவின் இரண்டு கேள்விகளையும் அவரே முதலில் கேட்டுப் பார்க்கிறார்.

அன்புத் தோழியரே! பேருந்திலோ ஆலயத்திலோ காதைப் பொத்தி அழும் பிள்ளையைக் கண்டால், அவன் தாயிடம் மருந்தின் பெயர் சொல்லாதீர்கள். சற்று நகர்ந்து இடம் கொடுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். எங்களைப் போன்ற வீட்டாருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, திருவிடந்தை