வாப்பாவின் மொரிஸ் மைனரும் நாலு பிளக் வயரும்

ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வாசிங்க.

வாப்பா விட்டுப்போன 1958 மொரிஸ் மைனர், மழை பெய்தாலே திக்கித் திக்கித்தான் ஓடும். "வித்துப் போடுங்க" என்றவர்கள் அதிகம். உம்மாவுக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்க ஏலாது. சகோதரர்கள் நாங்கள் காசு சேர்த்து, 8 மில்லிமீட்டர் சிவப்பு 'பெர்போமன்ஸ்' வயர் வாங்கத்தான் இருந்தோம்.

மெக்கானிக் நானா, "முதல்ல இருட்டட்டும்" என்றார். இரவில் போனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தார். வெடித்த உறை வழியே நீல நிறத்தில் மினுக் மினுக்கென்று கரண்ட் எஞ்சின் உடம்புக்குப் பாய்ந்தது!

"இது 948 சிசி, பொயின்ட் செட், சாதாரண கொயில். பிளக் இடைவெளியைத் தாண்டத் தேவையான அளவுக்குத்தான் வோல்டேஜ் ஏறும். வயரைத் தடிப்பாக்கினா இழுவை கூடாது. கசியாம இருந்தாப் போதும்."

சிலிக்கன் உறை போட்ட 7 மில்லிமீட்டர் கார்பன் வயர் வாங்கினோம். செப்பு வயர் என்றால் றேடியோ கரகரக்கும். உம்மாவுக்கு றேடியோ வேணும்.

மாட்டும்போது 1-3-4-2 வரிசையை மாற்றிப் போட்டு, கார் டப்பென்று வெடித்தது. இத்தனைக்கும் வீட்டில் இரண்டு பேர் கணக்கு டீச்சர்.

நேற்று அடைமழையில் உம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போய் வந்தோம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மிச்சக் காசுக்கு வைப்பர் பிளேட் வாங்கியாச்சு.