நெறி கட்டினால் எங்கே தேடுவது?

"டொக்டர் ஐயா, கவட்டியில நெறி கட்டியிருக்கு. எண்ணெய் போட்டு உருவியும் இறங்கல." மாத்தளைத் தோட்டங்களில் வைத்தியம் பார்ப்பவனுக்குப் பழகிய முறைப்பாடு இது. கேட்டதும் முதலில் பாதத்தைத்தான் பார்ப்பேன்.

உடலில் ஏறக்குறைய 600 நிணநீர்க் கணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள்ளிருந்து வரும் நிணநீரை வடிகட்டுகிறது. அதில் கிருமி வந்தால் எதிர்த்து நின்று வீங்குகிறது. அதுதான் நெறி. காலில் புண் என்றால் கவட்டியில் நெறி கட்டும். கையிலோ மார்பகத்திலோ கோளாறு என்றால் அக்குளில். சொத்தைப் பல், தொண்டைப் புண் என்றால் தாடையின் கீழ். தலையில் பேன்புண் உள்ள பிள்ளைக்குப் பிடரியில். ரத்தோட்டைப் பக்கத்தில் அட்டைக்கடியைச் சொறிந்து புண்ணாக்கியவர்கள், கவ்வாத்துக் கத்தி காலில் பட்டவர்கள், விரலிடுக்கில் சேற்றுப்புண் உள்ளவர்கள் எல்லோருக்கும் காலில்தான் மருந்து போட வேண்டும்.

காய்ச்சலும் தலையிடியும் சேர்ந்திருந்தால் அக்குள், இடுப்பு மடிப்பு என ஒவ்வொரு மறைவிடமாகத் தேடுவேன். புதரிலுள்ள சிற்றுண்ணி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. அருகில் நெறி கட்டியிருக்கும். அது ஸ்க்ரப் டைபஸ். நேரத்தோடு டொக்சிசைக்கிளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தவறவிட்டால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும்.

கழுத்தைப் பார்க்க, ஆளை உட்காரவைத்துப் பின்னால் நின்று, தலையைச் சற்றுக் குனியச் சொல்லி, விரல் நுனிச் சதையால் மெல்ல உருட்ட வேண்டும். அழுத்தினால் சிறு நெறி நழுவிவிடும். இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மெத்தென்று அசைந்து, தொட்டால் வலிக்கும் நெறி பெரும்பாலும் தொற்றால் வந்தது. காரணம் தீர்ந்தால் இரண்டு மூன்று கிழமையில் சுருங்கும்.

என்னைப் பயமுறுத்துவது வலிக்காத நெறி. வெற்றிலையும் புகையிலையும் மெல்லுபவரின் கழுத்தில் இறுகி அசையாத நெறி இருந்தால், நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்காமல் அனுப்பக் கூடாது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். காசநோயும் வலியில்லாமல் கழுத்தில் நெறி கட்டும். அரச மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம், வழக்கமாக 6 மாதம் எடுக்க வேண்டும். இரண்டும் நேரத்தோடு பிடித்தால் குணமாக்கக்கூடியவை. ஆனால் "வலிக்கலதானே" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பிறகே பலர் வருகிறார்கள்.

நெறியை உருவாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள், பார்மசியில் கேட்டு மாத்திரை விழுங்காதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் குறையாத நெறி, வளரும் நெறி, கல்லாக இறுகிய நெறி, காறை எலும்புக்கு மேல் வந்த நெறி, கூடவே இரவு வியர்வை, உடல் மெலிவு, விடாத காய்ச்சல்: இவற்றில் ஒன்றிருந்தாலும் வைத்தியசாலைக்கு வாருங்கள். விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமென்றால் அன்றைக்கே வாருங்கள். தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனால் போகட்டும்.