நீட்டிக் காட்டிய கைகள்

1990களின் நடுவில், வேலூர்ப் பக்கத்துச் சார்பு நீதிமன்றம் ஒன்றில் நடந்த விவாகரத்து வழக்கு. மனு போட்டவர் கணவர். நான் மனைவிக்காக ஆஜரானேன். வாழ்க்கைத்துணைக்குக் கொடிய, தீராத தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்று இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்போது சொன்னது. நோய் கொடியது, தீராதது என்ற இரண்டையும் மனுதாரர்தான் நிரூபிக்க வேண்டும்; ஒன்று தவறினாலும் மனு நிற்காது. சட்டம் வந்தது 1955ல். 1981ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு, தீராத தொழுநோய் என்ற பேச்சுக்கே மருத்துவத்தில் இடமில்லாமல் போனது. சட்டப் புத்தகத்தில் மட்டும் அது அப்படியே இருந்தது.

அந்தப் பெண் 24 மாதச் சிகிச்சையை ஒரு மாதமும் தவறாமல் முடித்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய முகத்தையே சாட்சியாக்கப் பார்த்தார்: கல்யாணப் போட்டோவில் மாநிறமாக இருந்தவர் இப்படிக் கருத்துப்போயிருக்கிறாரே, நோய் முற்றியதற்கு இது போதாதா என்று கேட்டார். சாட்சிக் கூண்டில் நின்ற அரசு மருத்துவர், அந்தக் கருமை நோயால் வந்ததல்ல, நோயைத் தீர்த்த கிளோஃபசிமின் மாத்திரையால் வந்தது, மாத்திரையை நிறுத்தியபின் மெல்ல மங்கிவிடும் என்றார். குணமானதன் அடையாளத்தைத்தான் அந்த வீட்டார் இரண்டு வருடமாக நோயென்று பார்த்து விலகியிருந்தார்கள்.

மாமியாரைக் குறுக்கு விசாரணை செய்தது இன்னும் நினைவிலிருக்கிறது. தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணை ஓரத்தில் தனிப் பாய் என்று அவர் எதையும் மறைக்கவில்லை. மருமகளைத் துரத்தாமல் வைத்திருந்தோமே என்று, தங்கள் நல்ல மனசுக்குச் சான்றாகத்தான் அதையெல்லாம் சொன்னார். “அந்தத் தட்டை யார் கழுவுவாங்க?” என்று கேட்டேன். “அவளேதான்” என்றார். அவர் பொல்லாதவர் அல்ல. ஊர் எப்படிப் பார்த்ததோ அப்படித்தான் அவரும் பார்த்தார். பார்வையை எந்தப் பிரிவின் கீழும் விசாரிக்க முடியாது.

நான் செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வாதத்தின் கடைசியில், அந்தப் பெண்ணிடம் கைகளை நீட்டி நீதிபதிக்குக் காட்டச் சொன்னேன். பத்து விரலும் நேராக இருந்தன. அவர் காட்டிவிட்டு, கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். வழக்குக்கு அது உதவியது. ஆனால் விரல் மடங்கிய பெண்ணொருத்தி அதே இடத்தில் நின்றிருந்தால் அவளைக் கைவிடுவது நியாயம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. நோய் இருந்தாலும் மனைவி மனைவிதான் என்ற வாதத்துக்கு அந்தப் பிரிவு இடம் தரவில்லை. இருந்தும் அதை ஒரு தடவையாவது சொல்லிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மனு தள்ளுபடியானது. ஜெயித்ததாலேயே அவருக்கு ஒரு நஷ்டம் வந்தது. விவாகரத்து போன்ற தீர்ப்பு கிடைத்தால்தான் இந்து திருமணச் சட்டத்தின்படி நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், மனு தள்ளுபடியானால் கேட்க முடியாது என்று 1993லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தனியாக சிவில் வழக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்கு அவரிடம் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. மிச்சமிருந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. அதில் எவ்வளவு கேட்டாலும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்று அப்போது உச்சவரம்பு இருந்தது. 2001ல்தான் அதை எடுத்தார்கள். 500 ரூபாய்க்கு உத்தரவு வாங்கிக் கொடுத்தேன்.

2019ல் தொழுநோய் என்ற காரணத்தை ஐந்து குடும்பச் சட்டங்களிலிருந்து நாடாளுமன்றம் நீக்கியது. அந்தக் கணவர் மேல்முறையீட்டுக்கும் போகவில்லை, மனைவியை அழைத்துப்போகவும் வரவில்லை. தீர்ப்பு வந்த நாளிலிருந்து அந்தப் பெண் தாய்வீட்டில்தான் இருக்கிறார்.