ஏற்றத்துக்குக் காற்று

ஜவ்வாது மலையில் பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ‘இழுவை எப்படி?’ என்றுதான். மைலேஜ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கப்புறம். போளூர்ப் பக்கமிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறினாலும் சரி, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஏறினாலும் சரி, திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறினாலும் சரி, லோடு வண்டிக்கு ஏற்றத்தில் பெரும்பகுதி இரண்டாம் கியரிலேயே கழிந்துவிடும். சிமெண்டும் அரிசியும் கேஸ் சிலிண்டரும் மேலே போகின்றன. சாமையும் புளியும் பலாப்பழமும் கீழே இறங்குகின்றன. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று மலைக்கிராமத்துச் சனங்கள் புறப்பட்டாலும் பல நேரம் அதே பிக்கப்தான். அந்த வண்டிகளுக்கு டர்போ மாட்டுகிறவர்களின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று போளூரில் ஒரு பட்டறைக்குப் போனேன்.

தகரக் கொட்டகை. வாசலில் வேப்பமரம். மேஸ்திரிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது; லாரிப் பட்டறையில் தொழில் படித்தவர். கூட இரண்டு பையன்கள். அதில் ஒருவன் மேலே மலையில் பிறந்தவன், ஐடிஐ முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிறான். நான் போன நேரம், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த பிக்கப் ஒன்று பானெட் திறந்து நின்றது. வண்டிக்காரர் பக்கத்தில் ஸ்டெப்னி மேல் உட்கார்ந்திருந்தார். இழுவை போய்விட்டது, நீலப் புகை அடிக்கிறது, ஏறும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறது என்று அவர் சொன்ன மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின. டர்போ போய்விட்டது.

புது டர்போ பெட்டியிலேயே இருந்தது. மேஸ்திரி அதைத் தொடவில்லை. முதலில் ஏர் பில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். செம்மண் கொட்டியது. பில்டரிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸை டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கிளாம்ப் உட்கார்ந்த இடத்தில் நகம் நுழையும் அளவு கிழிசல். அதன் வழியாகப் பில்டரைத் தொடாமலே தூசி போயிருக்கிறது. “டர்போ தானா சாவாது சார். யாரோ கொல்றாங்க. யாருன்னு கண்டுபிடிக்காம புதுசு மாட்டினா அதையும் அவன் கொன்னுடுவான்” என்றார்.

இந்தத் தொழிலின் சாரம் அந்த வாக்கியத்தில் இருப்பதாக நினைக்கிறேன். நான்கு நட்டைக் கழற்றி நான்கு நட்டை முடுக்குவது ஒரு மணி நேர வேலை. பழையது ஏன் போனது என்று தேடுவதில்தான் பாதி நாள் போகிறது. அந்தப் பாதி நாளுக்கு எந்த பில்லிலும் ஒரு வரி கிடையாது.

டீசல் இன்ஜினுக்கு வேண்டியது காற்று. 2523 சி.சி. இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது, தானாக மூச்சிழுத்தால் சுமார் 2500 லிட்டர் காற்றுதான் உள்ளே போகும். காற்று எவ்வளவோ அவ்வளவு டீசல்தான் எரியும், மிச்சம் கரும்புகை. மேலே ஏற ஏற அந்தக் காற்றும் மெலிகிறது. காவலூர் வானியல் ஆய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிட அங்கே காற்றழுத்தம் 8 சதவீதம் போலக் குறைவு. கொல்லன் துருத்தி உலைக்குச் செய்வதை டர்போ இன்ஜினுக்குச் செய்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. சின்ன டீசல் வண்டிகளில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வேகத்தில் பால்ரஸ் போட்டுத் தாங்க வைப்பது கடினம் என்பதால், பெரும்பாலான டர்போக்களில் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது.

மிதக்கிறது என்பதை என் விரலுக்கே காட்டினார். கழற்றிய பழைய டர்போவின் தண்டு நுனியைப் பிடித்து ஆட்டச் சொன்னார். பக்கவாட்டில் லேசாக ஆடினால் அது குணம். எண்ணெய் வந்ததும் சரியாகிவிடும். முன்னும் பின்னும் ஆடக் கூடாது. இது இரண்டு பக்கமும் லொடலொடவென்று ஆடியது. அலுமினியச் சக்கரத்தின் இறக்கைகள் ஓரத்தில் பொரிந்து, எலி கடித்த இலைபோல் ஆகியிருந்தன. மலைப் பையன், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்ததும் ஒரு டம்ளர் அளவுக்குக் கறுப்பு ஆயில் வழிந்தது. இதை மண்ணெண்ணெய் விட்டு அலசாமல் புது டர்போ மாட்டினால், உள்ளே தங்கிய ஆயிலை இன்ஜின் குடித்து, அதையே டீசலாக எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியை எடுத்தாலும் நிற்காது. காற்று போகும் வழியை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கை அழுத்திக்கொண்டு மேல் கியரில் போட்டு கிளட்சை விட வேண்டும். பையன் இன்டர்கூலரைத் திரும்பத் திரும்ப அலசினான். வடிகிற மண்ணெண்ணெய் தெளியும்வரை மேஸ்திரி தலையை ஆட்டவில்லை.

அடுத்தது ஆயில் வரும் குழாய். பென்சிலைவிட மெல்லியது. அதன் வாயைச் சுண்டிப் பார்த்தார், உள்ளே கரி. வண்டிக்காரரிடம் திரும்பினார்.

“தம்பி, மேல ஏறிப் போயி டீக்கடைல நிறுத்தசொல்ல உடனே சாவியத் திருப்பிடுவியா?”

“ஆமாண்ணா. சும்மா ஓடுனா டீசல் வீணாப் போவுது இல்ல?”

இரண்டாவது கொலையாளியும் சிக்கிவிட்டான். லோடோடு ஏறி முடிக்கும்போது புகைப் பக்கத்துச் சக்கரம் பல நூறு டிகிரிச் சூட்டில் தகிக்கிறது. அந்த நேரத்தில் இன்ஜினை நிறுத்தினால் ஆயில் பம்பும் நின்றுவிடும். தண்டைச் சுற்றி நிற்கிற ஆயில் அங்கேயே வெந்து கரியாகிறது. ஒவ்வொரு டீக்கும் ஒரு படலம். “இனிமே வண்டி நின்னதும் நூறு வரைக்கும் எண்ணு. அப்புறம் சாவியத் திருப்பு” என்றார் மேஸ்திரி. வண்டிக்காரர் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாமை அறுப்பு முடிந்து லோடு வரும் நேரத்தில் வண்டி பட்டறையில் நின்றால் அவருக்கு என்ன இழப்பு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

புதிய குழாய் போட்டார்கள். பேக்கிங் வைக்கும் இடத்தில் பேஸ்ட் தடவக் கை நீட்டிய சின்னப் பையனை மேஸ்திரி தடுத்தார். பிதுங்கும் பேஸ்ட் உதிர்ந்து ஆயில் துளைக்குள் போனால் டர்போ ஒரு வாரம் தாங்காது. பிறகு நான் மிகவும் ரசித்த வேலை. ஒரு சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து, டர்போவின் தலையில் இருக்கும் துளையில் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைச் சுண்டுவிரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்று வழுவழுப்பாகும்வரை விட்டார். டீசல் லைனைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் இடைவெளி விட்டு விட்டு ஓட்டினார்கள். கீழே திரும்பும் குழாயிலிருந்து ஆயில் கயிறாக விழுந்த பிறகுதான் லைனை மாட்டி இன்ஜினைக் கிளப்பினார்கள். முதல் சில நொடிகள் ஆயில் இல்லாமல் சுற்றினாலே போதும், புது டர்போ பழசாகிவிடும்.

மலைப் பையன் டீ நேரத்தில் ஒரு கேள்வி கேட்டான். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 மாதிரி பிக்கப்புகளுக்கு வெளியில் வாங்கிய சூப்பர்சார்ஜர் மாட்டுவதைப் போனில் பார்த்திருக்கிறான். அது நம் மலைக்கு இன்னும் நல்லதல்லவா என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சூப்பர்சார்ஜரை ஓட்டுவது புகை அல்ல, இன்ஜினின் முன்பக்க பெல்ட். அதனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே காற்று தயாராக இருக்கும். டர்போவுக்குப் புகை சேர்ந்து வேகம் பிடிக்க ஒரு கணம் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வண்டி தவழும்போது அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்பது லோடு ஓட்டுபவர்களுக்குத் தெரியும். ஆனால் பெல்ட்டைச் சுற்றும் சக்தியை இன்ஜினே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அது டீசலில் தெரியும். லோடு வாடகைக்குக் கணக்குப் பார்க்கிறவரால் அதைத் தாங்க முடியாது. அங்கே எஃப்-150இன் வி8 பெட்ரோல் இன்ஜினில் மாட்டுகிறவர்களும் சும்மா மாட்டிவிடுவதில்லை. காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், பெரிய இன்ஜெக்டர், கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் வரும். கலிபோர்னியாவில் அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண்ணும் வேண்டும்.

இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் யோசனைக்கு 1885இலேயே காட்லீப் டைம்லர் காப்புரிமை வாங்கினார். வீணாகும் புகையைக் கொண்டே அதைச் செய்யும் யோசனை சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹியுடையது, ஆண்டு 1905. நான் பையனுக்குச் சொன்னது வேறொரு கதை. 1918இல் சான்ஃபோர்டு மாஸ் என்ற பொறியாளர், விமானத்தின் லிபர்ட்டி இன்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் உச்சியில் 230தான் கொடுத்தது. டர்போ மாட்டியதும் 356. மலைதான் டர்போவுக்குப் பரீட்சை வைத்தது என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. இன்றைக்கு நம் பக்கத்திலேயே, சோளிங்கர் அருகே புலிவலத்தில், 1982இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. ஐடிஐ படித்த மலைப்பிள்ளைகள் அங்கேயும் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

மத்தியானம் பழைய ஜீப்பில் ஒருவர் வந்தார். டர்போ இல்லாத டீசல் இன்ஜின். சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய டர்போ பார்த்து வைத்திருக்கிறாராம். மாட்டித் தர முடியுமா என்றார். நல்ல கூலி தருவதாகவும் சொன்னார். மேஸ்திரி எழுந்து போய் ஜீப்பின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். “மாட்டலாம். ஆனா பம்புல டீசலக் கூட்டணும். சூடு ஏறும். பிஸ்டனுக்கு அடியில ஆயில் அடிக்கிற நாசில் இதுல கெடையாது. ஹெட் கேஸ்கெட் போவும். அது தாங்கினா கிளட்ச் போவும். அதுவும் தாங்கினா நீ கூட நாலு மூட்ட ஏத்துவ. எறங்கசொல்ல எத வெச்சு நிறுத்துவ?”

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரித்த நிலையிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத பாகத்தைப் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் மேஸ்திரி சட்டத்தை எடுக்கவில்லை. செம்பரை என்று ஒரே ஒரு பெயரைச் சொன்னார். 2022 ஏப்ரலில், திருப்பத்தூர்ப் பக்கம் புலியூரிலிருந்து செம்பரை மலைக் கோயிலுக்குச் சனங்களை ஏற்றிப்போன சரக்கு வண்டி பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஸ்டெப்னி மேல் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் எழுந்து நின்றார். அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் அதில் உண்டா என்று நான் கேட்கவில்லை. பஸ் போதாத ஊரில் பிக்கப்பில் ஏறாதே என்று கீழே இருந்து சொல்வது சுலபம். மேஸ்திரி சொல்வது வேறு: ஏறத்தான் போகிறார்கள், அப்படியென்றால் நிறுத்தும் வழியை முதலில் பார்.

அதனால்தான் டர்போ வேலை முடிந்த பிக்கப்பின் நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கைப் பார்த்தார்கள். அதற்குத் தனிக் கூலி வாங்கவில்லை.

மாலையில் ட்ரையல். பட்டறையில் கிடந்த மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினோம். மேஸ்திரி ஓட்டவில்லை, வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி, ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் கியரில் முள் 1800ஐத் தொட்டதும், பழைய விசில் இல்லாமல், சன்னமான ஒரு இரைச்சல் எழுந்து வண்டி முன்னால் தாவியது. வண்டிக்காரர் சிரித்தார். மேஸ்திரி புகையைப் பார்க்கக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார். இறங்கும்போது மூன்றாம் கியருக்கு மாற்ற வண்டிக்காரரின் கை போனது. “ஏறின கியர்லயே எறங்கு” என்று மேஸ்திரி அதட்டினார். அடிவாரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் மேலும் பாட்டில் தண்ணீரைத் தெளித்தார். மூன்றில் தண்ணீர் அப்படியே வழிந்தது. பின்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் சுர்ரென்றது. பிரேக் பிடித்தபடி உரசுகிறது என்று இரவு எட்டு மணிக்கு மறுபடி ஜாக்கி போட்டார்கள்.

ஜீப்காரருக்கு மறுநாள் நாசில் சர்வீஸ், புது ஏர் பில்டர், முன்னும் பின்னும் பிரேக் லைனிங் என்று முடிவானது. புதுப்பேட்டை டர்போவுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க முடியுமா என்று அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.